பழைய லீனியா டி-ஜெட்: டெல்டா வெயிலில் எவ்வளவு பவர் தாங்கும்?

குடந்தை டிஜெட் | கும்பகோணம்

வணக்கம் நண்பர்களே. 2012 மாடல் ஃபியட் லீனியா டி-ஜெட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1.4 லிட்டர் பெட்ரோல், காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ உண்டு, 5 கியர் மேனுவல். கம்பெனிக் கணக்கில் பவர் 114 பிஎஸ் (குதிரைத்திறன்), டார்க் (சுழற்றும் விசை) 207 நியூட்டன் மீட்டர். ஓடியது 90 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். முதல் ஓனர் மாமாவுக்குத் தெரிந்தவர், சர்வீஸ் பில் எல்லாம் ஃபைல் போட்டு வைத்திருந்தார்.

எனக்கு 150 பிஎஸ் வேண்டும். மனதில் இருக்கும் பட்டியல்: ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவின் அட்டவணையை, அதாவது மேப்பை, மாற்றி எழுதுவது), பெரிய இன்டர்கூலர் (டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விப்பது), பம்பருக்குக் கீழே கோல்ட் ஏர் இன்டேக் (வெளிக்காற்றை எடுக்கும் குழாய்), பெரிய சைலன்சர், பூஸ்ட் மீட்டர் (டர்போ தரும் காற்றழுத்தத்தைக் காட்டுவது), பக்கெட் சீட், நான்கு முனை பெல்ட், 17 இன்ச் வீல், எல்இடி ஹெட்லைட், டிக்கியில் ஒரு சப்வூஃபர். சென்னையில் ஒரு கடையில் "காலையில் விடுங்கள், சாயங்காலம் 150" என்கிறார்கள். நான் ஓட்டுவது பெரும்பாலும் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி. அப்பப்போ மன்னார்குடி, வேளாங்கண்ணி. எதை முதலில் செய்வது?

மன்னை மல்டிஜெட் | மன்னார்குடி

முதலில் ஒரு நல்ல எலிப்பொறி வாங்குங்கள். சிரிக்காதீர்கள். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வரும். என் ஸ்விஃப்ட் டீசலில் இன்ஜெக்டர் வயரைக் கடித்துவிட்டுப் போயிருந்தது. டியூனிங் செய்த வண்டி மிஸ் அடித்தால் மேப்பைச் சந்தேகப்படுவீர்கள், வயரைப் பார்க்க மாட்டீர்கள். பானெட்டுக்குள் புகையிலை கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அதை எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

மற்றபடி, இந்தக் காசுக்கு டீசலில் இறங்கியிருந்தால் இதற்குள் ஊரைச் சுற்றியிருக்கலாம். என் கருத்து, அவ்வளவுதான்.

வெண்ணாற்றங்கரை | தஞ்சாவூர்

தம்பி, உங்கள் பட்டியலில் கடைசியில் வர வேண்டியதெல்லாம் முதலில் இருக்கிறது. முதலில் வர வேண்டியது பட்டியலிலேயே இல்லை.

வண்டிக்குப் பன்னிரண்டு வயது தாண்டிவிட்டது. கம்பெனி கொடுத்த 114 இன்னும் இருக்கிறதா என்று யாராவது பார்த்தார்களா? ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம்) எடுங்கள். நான்கும் ஒன்றுக்கொன்று கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் ரீமேப் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில்லில் தேடுங்கள். கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது, ரப்பர் வயதாலும் போகும்.

அடுத்தது பூஸ்ட் லீக், அதாவது டர்போ தள்ளும் காற்று வழியில் கசிவது. இதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. டர்போவின் காற்று உள்ளே போகும் வாயில் ஒரு அடைப்பானைப் பொருத்தி, அதில் டியூப் வால்வு வைத்து, பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று ஏற்றுங்கள். அழுத்தம் 1 பாருக்கு மேல் போக வேண்டாம். ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுத்துவிடும். லேத் பட்டறையில் அந்த அடைப்பானை ஒரு மணி நேரத்தில் கடைந்து தருவார்கள்.

லீக் உள்ள வண்டியில் ரீமேப் போட்டால் என்ன ஆகும்? ஈசியூ கேட்கும் பூஸ்ட் வராது. அதை எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும். இந்தச் சின்ன டர்போவெல்லாம் நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் சுற்றுகிறவை. சுற்றச் சுற்றக் காற்று சூடாகும். மீட்டரில் எண் சரியாகத் தெரியும், உள்ளே போவது வெந்த காற்று.

இன்டர்கூலரைக் கழற்றிப் பார்க்காமல் புதியது வாங்காதீர்கள். நம் பக்கம் ரோட்டில் நெல் காயப் போடுகிறார்கள், கதிர் அறுக்கும் மெஷின் ஓடும் பருவத்தில் பதரும் வைக்கோல் தூளும் காற்றிலேயே மிதக்கும். ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், இன்டர்கூலர் மூன்றின் இடுக்கிலும் நெல் சுணை அப்பிக்கொள்ளும். மேலே சுத்தமாகத்தான் தெரியும். முகத்தில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு ஓடுகிற கதை. பின்பக்கமிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நேராகப் பிடித்தால் தகடு எல்லாம் மடங்கிவிடும்.

குடந்தை டிஜெட்

அண்ணே, வண்டி நன்றாகத்தான் இழுக்கிறது. நாச்சியார்கோவில் ரோட்டில் மூன்றாவது கியரில் மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டுகிறது.

ஆரூர் லாகர் | சொந்த ஊர் திருவாரூர், இருப்பு கோவை

முதுகை வைத்து அளக்க முடியாது. நூற்றுக்குப் பத்து குறைந்தாலும் முதுகுக்குத் தெரியாது.

ஓபிடி சாக்கெட்டில் (ஈசியூ தகவலைப் படிக்கும் இணைப்பு) மாட்டும் ப்ளூடூத் டாங்கிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போனில் லாக் (ஓடும்போதே பதிவு) எடுக்க வேண்டியவை: ஆர்பிஎம் (இன்ஜினின் நிமிடச் சுற்று), மேனிஃபோல்ட் அழுத்தம் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்), உள்ளே போகும் காற்றின் வெப்பம், இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), கூலன்ட் வெப்பம், ஃப்யூயல் ட்ரிம் (எரிபொருளை ஈசியூ கூட்டிக் குறைக்கும் அளவு). காலையில் ஒரு லாக், மதியம் இரண்டு மணி வெயிலில் ஒரு லாக். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதிய லாக்கில் டைமிங் எவ்வளவு பின்வாங்குகிறது என்பதுதான் உங்கள் வண்டியில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதற்கு விடை.

ஏன் வெப்பத்தையே பிடித்துத் தொங்குகிறேன் என்றால், கணக்கு அப்படி. வெளிக்காற்று 40 டிகிரி, பூஸ்ட் 0.8 பார், டர்போவின் கம்ப்ரஸர் திறன் 70 சதவீதம் என்று வையுங்கள். டர்போவை விட்டு வெளியே வரும் காற்று சுமார் 120 டிகிரி இருக்கும். பூஸ்டை 1.1 பாருக்கு ஏற்றினால் 145ஐத் தொடும். அதுவும் திறன் அப்படியே இருந்தால்தான். சின்ன டர்போவை அதன் எல்லைக்கு வெளியே தள்ளினால் திறன் விழும், சூடு இன்னும் ஏறும். அந்தச் சூட்டை இறக்குவதுதான் இன்டர்கூலரின் வேலை. காற்று 10 டிகிரி கூடினால் அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் குறையும். அது போகட்டும். சூடான காற்று நாக்கிங்கை, அதாவது எரிபொருள் நேரம் தப்பித் தானாக வெடிப்பதைக் கூப்பிடும், ஈசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பவர் அக்னி நட்சத்திரத்தில் காணாமல் போவது இப்படித்தான். டிசம்பரில் டைனோ (பவர் அளக்கும் மெஷின்) ஷீட் வாங்கி ஃபிரேம் போட்டவர்கள் மே மாதம் புலம்புவதும் இதனால்தான்.

இப்போது உங்கள் 150க்கு வருவோம். பவர் என்பது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி வருவது. 5000 ஆர்பிஎம்மில் 114 பிஎஸ் என்றால் அங்கே டார்க் 160 நியூட்டன் மீட்டர். அதே 5000ல் 150 பிஎஸ் வேண்டுமென்றால் 211 வேண்டும். மூன்றில் ஒரு பங்கு அதிகக் காற்றை, டர்போ ஏற்கெனவே மூச்சு வாங்கும் இடத்தில் கேட்கிறீர்கள். 135 போதும் என்றால் 190 போதும். முதல் இருபது சுலபமாக வரும், அடுத்த பதினைந்துக்குத்தான் வண்டி விலை கேட்கும்.

கம்பெனியே இதே குடும்ப இன்ஜினில் அபார்த் புன்டோவுக்கு 145 பிஎஸ், 212 நியூட்டன் மீட்டர் கொடுத்திருக்கிறது. அதனால் 150 முடியாதது இல்லை. ஆனால் அது அந்த எண்ணுக்கென்றே தேறிய வண்டி, சாயங்காலத்துக்குள் ஆனதில்லை.

நாகை உப்புக்காற்று | நாகப்பட்டினம்

கோல்ட் ஏர் இன்டேக்கைப் பம்பருக்குக் கீழே கொண்டுபோவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்த் தெருக்கள் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியாது. பம்பர் உயரத்தில் ஃபில்டர் இருந்தால் ஒரு லாரி எதிரே வந்து எழுப்பும் அலையே போதும். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராட் வளையும். அதோடு இன்ஜின் கதை முடிந்தது. சாதாரண இன்ஷூரன்ஸில் இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

கம்பெனி ஏர் பாக்ஸ் மேலே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதிலேயே நல்ல ஃபில்டர் போட்டால் போதும். பேப்பர் ஃபில்டரே நல்லது என்பேன். எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டரை நம் தூசியில் அடிக்கடி கழுவ வேண்டும், யாரும் கழுவுவதில்லை.

கடற்கரைப் பக்கம் அடிக்கடி வருவதாக இருந்தால் எர்த் இணைப்புகளைப் பிரித்து, தேய்த்து, கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயரில் பச்சை பூத்தால் சென்சார் எல்லாம் உளறும். புதிதாகப் பொருத்தும் மீட்டர்களுக்கும் தனி எர்த் பாயின்ட் கொடுங்கள், டேஷ்போர்டு ஸ்க்ரூவில் சுற்றிவிட்டுப் போகிற வயரிங்காரர் வேண்டாம்.

மலைக்கோட்டை 100 | திருச்சி

இவ்வளவு யோசிக்க வேண்டாம் ப்ரோ. 100 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுங்கள், நாக்கிங் பிரச்சினையே இல்லை. என் நண்பன் ஊற்றினான், வண்டி பறக்கிறது. பிறகு எந்த மேப் வேண்டுமானாலும் போடலாம்.

வெண்ணாற்றங்கரை

ஆக்டேன் என்பது பவர் இல்லை, நாக்கிங்கைத் தாங்கும் சக்தி. மேப் அதைப் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் 100 ஊற்றுவது பெட்ரோல் பங்க்காரருக்குத்தான் லாபம். நாக் சென்சார் ஏற்கெனவே டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்த வண்டியில் மட்டும் வித்தியாசம் தெரியும். உங்கள் நண்பரின் வண்டி அப்படி இருந்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. எக்ஸ்பி100 போன்ற உயர் ஆக்டேன் பெட்ரோல் எல்லாப் பங்கிலும் கிடைக்காது. திருச்சியில் நிரப்பி மேப் எழுதிக்கொண்டு, முத்துப்பேட்டையில் டேங்க் காலியானால் என்ன செய்வீர்கள்? கிடைத்ததை ஊற்றிக்கொண்டு அதே மிதி மிதிப்பீர்கள். உங்கள் வழக்கமான வழியில் எது நிச்சயமாகக் கிடைக்குமோ அதற்கு மேப் எழுதுங்கள்.

இன்னொன்று, எத்தனால். சாதாரண பெட்ரோல் முன்பு 91 ஆக்டேன், 20 சதவீத எத்தனால் கலந்தபின் 95 என்கிறது பெட்ரோலிய அமைச்சகம். எத்தனால் ஆவியாகும்போது காற்றை நன்றாகக் குளிர்விக்கும் என்பதும் உண்மை. டர்போ வண்டிக்கு இரண்டும் நல்ல செய்தி. ஆனால் எத்தனாலுக்கு எரிய வேண்டிய காற்று குறைவு. சுத்தமான பெட்ரோலுக்குக் காற்று-எரிபொருள் விகிதம் 14.7, எத்தனாலுக்கு 9, 20 சதவீத எத்தனால் கலந்த இ20க்கு சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் அதிகமாக ஊற்ற வேண்டும். மெதுவாகப் போகும்போது ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துவிடும். முழு ஆக்ஸிலரேட்டரில் பழைய ஈசியூ பெரும்பாலும் தன் அட்டவணைப்படிதான் ஊற்றும். பூஸ்டையும் ஏற்றி, எரிபொருளும் குறைந்தால் பிஸ்டனுக்கு நாள் எண்ண வேண்டியதுதான்.

ஆகவே 2012 மேப்பில் மேலே மேலே எண்ணைக் கூட்டுகிற கடைக்காரர் வேண்டாம். வைட்பேண்ட் சென்சார் (காற்று-எரிபொருள் விகிதத்தை அளப்பது) மாட்டி, இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலை ஊற்றி, உங்கள் வண்டியில் அளந்து எழுதுகிறவர் வேண்டும். ஃப்யூயல் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தக் கால வண்டி இ20க்கு என்று செய்யப்பட்டதில்லை.

இரவுப் பறவை 49 | தஞ்சாவூர்

செங்கிப்பட்டி தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் தொட்டேன், ஸ்டேஜ் 1 (வெறும் ரீமேப்) மட்டும்தான். லாக்காவது டைனோவாவது. ரோடுதான் டைனோ.

மாயூரம் சர்வேயர் | மயிலாடுதுறை

ரோடு டைனோ இல்லை தம்பி. அந்த ரோட்டில் விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர், மாடு, எதிர்த்திசையில் வரும் பைக் எல்லாம் உண்டு. அதற்கப்புறம் வரும் இன்ஷூரன்ஸ் கிளைம் ஃபைலைப் படிக்கிற வேலை என்னுடையது. வேகம் பார்க்க வேண்டுமென்றால் கோவைக்குப் பக்கத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. டிராக் டே நடக்கும்போது பணம் கட்டி ஓட்டுங்கள்.

தொடங்கியவருக்கு, சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். யாரும் ஆரம்பத்தில் கேட்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்.சி. விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றினாலோ சத்தமான சைலன்சர் போட்டாலோ மாசு விதிகளில் தனியாக மாட்டுவீர்கள்.

இன்ஷூரன்ஸ் பக்கம், செய்த மாற்றத்தைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பிரீமியம் கூடலாம், மறுக்கவும் செய்யலாம். தெரிவிக்காமல் விட்டு விபத்து நடந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளைமில் முதல் கேள்வியே அதுதான். சர்வேயர்களுக்கு ஈசியூ திறக்கத் தெரியாது என்று நினைக்காதீர்கள். பளபளக்கும் இன்டர்கூலர் பைப்பைப் பார்த்தாலே எங்களுக்குப் புரியும்.

உங்கள் வண்டி 2012. 2027 வாக்கில் 15 வயதாகும், ஆர்.சி. புதுப்பிக்க கும்பகோணம் ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்ட வேண்டும். அதையும் மனதில் வைத்துக்கொண்டு காசு செலவழியுங்கள்.

ஆரூர் லாகர்

சர்வேயர் சார் சொன்னபின் பட்டியலில் பாதி தானாகவே போய்விட்டது என்று நினைக்கிறேன். மீதியைப் பற்றி என் கருத்து.

பிரேக்கில் இருந்து தொடங்குங்கள். 100ல் இருந்து 140க்குப் போனால் வேகம் நாற்பது சதவீதம்தான் கூடுகிறது, நிறுத்த வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டி-ஜெட்டில் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் இருக்கிறது, அது நல்ல அஸ்திவாரம். புதிய பேட், புதிய ஆயில் போதும். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரத்தை உறிஞ்சியபின் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். நம் பக்கத்து ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் அதை வைத்திருப்பது வீண் துணிச்சல்.

டயர்: 17 இன்ச் வேண்டாம். வாய்க்கால் கரை ரோட்டில் ஓரம் உடைந்த தாரில் ஒருமுறை இறங்கினால் ரிம் வளையும். கனமான வீல் போட்டால் ஏற்றிய பவரில் கொஞ்சத்தை அதுவே தின்னும். அசல் அளவான 205/55 ஆர்16லேயே நல்ல பிடிமானம் உள்ள டயர் போடுங்கள். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கடைக்காரர் "புது ஸ்டாக்" என்பார், டயர் உண்மையைச் சொல்லும்.

பக்கெட் சீட்டும் நான்கு முனை பெல்ட்டும் டிராக் வண்டிக்கு. ரோல் கேஜ் இல்லாமல் அந்த பெல்ட்டை மாட்டினால், வண்டி கவிழ்ந்து கூரை இறங்கும்போது உங்களால் சாயக்கூட முடியாது. கால்களுக்கு நடுவே வரும் பட்டை இல்லாததால் மோதலில் உடம்பு அடியில் வழுக்கி இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறும். கம்பெனி மூன்று முனை பெல்ட்டும் ஏர்பேக்கும் சேர்ந்து வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. அவற்றைப் பிரிக்காதீர்கள். ஸ்டியரிங்கையும் மாற்றாதீர்கள்.

எல்இடி: ஹாலஜன் பல்புக்கான ரிஃப்ளெக்டரில் எல்இடி பல்பை மாட்டினால் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில்தான் விழும். நடுவே தடுப்பு இல்லாத நம் ரோட்டில் அது பாவம்.

மீட்டர் வைப்பதாக இருந்தால் பூஸ்ட் மீட்டரை விட வைட்பேண்டும் ஆயில் வெப்ப மீட்டரும் பயன். பூஸ்ட் மீட்டர் அழகுக்கு. சப்வூஃபர் உங்கள் விருப்பம், அதன் எடையையும் சேர்த்துத்தான் டர்போ இழுக்கும்.

மன்னை மல்டிஜெட்

எல்இடி விஷயத்தில் ஒட்டுமொத்த மன்னார்குடி சார்பாக நன்றி.

கிளட்சை மறந்துவிட்டீர்கள் எல்லோரும். டீசல்காரர்களுக்கு இது முதல் பாடம். டியூனிங் பாக்ஸ் மாட்டிய அன்று வண்டி பறக்கும், சில மாதத்தில் ஐந்தாவது கியரில் மிதித்தால் ஆர்பிஎம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. பவர் கியர்பாக்ஸுக்கே போகாமல் கிளட்ச் பிளேட்டில் எரிகிறது என்று அர்த்தம். மலையே இல்லாத ஊரில் இதைக் கண்டுபிடிக்க நாளாகும். ரீமேப்புக்கு முன்பே உயர்ந்த கியரில் 2000 ஆர்பிஎம்மில் இருந்து முழுக்க மிதித்துப் பாருங்கள். இப்போதே வழுக்கினால் கிளட்சுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். ஃபியட் கார்கள் இந்தியாவில் நின்றுபோய் வருடங்கள் ஆகின்றன. டி-ஜெட் பாகங்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும், முதலில் பொருளைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு பழையதைக் கழற்றுங்கள்.

குடந்தை டிஜெட்

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

கம்ப்ரஷன் நான்கிலும் சமம். பூஸ்ட் லீக் இரண்டு இடத்தில். ஒன்று இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது, இன்னொன்று ஹோஸ் அடிப்பக்கம் வெடிப்பு, மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. இன்டர்கூலரைக் கழற்றினால் வைக்கோல் தூள் ஒரு கைப்பிடி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் முளைத்துக் காய்ந்த நெல் நாற்றே இருந்தது. மெக்கானிக் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

ஹோஸ் மாற்றி, கழுவி, பிளக் புதிதாகப் போட்டபின் மதிய லாக்: உள்ளே போகும் காற்றின் வெப்பம் முன்பைவிடப் பத்து டிகிரிக்கு மேல் குறைவு. டைமிங் முன்புபோல் பின்வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால், இப்போது ஓட்டினால் ரீமேப் போட்ட வண்டி மாதிரியே இருக்கிறது. காசு வாங்காமல் பவர் கொடுத்தது சோப்புத் தண்ணீர்தான்.

இப்போது கேள்வி: பெரிய இன்டர்கூலர் வேண்டுமா, வேண்டாமா?

வெண்ணாற்றங்கரை

வேண்டும். மே மாதத்தில் கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி டிராஃபிக்கில் நின்றுவிட்டு பைபாஸ் ஏறி மிதிப்பவர் நீங்கள். சின்ன இன்டர்கூலர் நிற்கும்போது சூட்டைக் குடித்துவிடும், அதைக் கக்க நேரம் எடுக்கும்.

ஆரூர் லாகர்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய இன்டர்கூலர் என்றால் பைப் நீளம், உள் கொள்ளளவு, அழுத்த இழப்பு எல்லாம் சேர்ந்து வரும். அழுத்தம் குறைந்ததை ஈடுகட்ட டர்போ மறுபடி அதிகம் சுற்றும். ரேடியேட்டருக்கு முன்னால் தடித்த இன்டர்கூலர் நின்றால் ரேடியேட்டருக்குக் காற்றும் குறையும், ஏசி போட்டால் தெரியும். 135 பிஎஸ் அளவில் நிற்பதாக இருந்தால் சுத்தமான அசல் இன்டர்கூலரே போதும், லாக் அப்படித்தான் சொல்கிறது. 150 என்றால் அண்ணன் சொல்வது சரி.

வெண்ணாற்றங்கரை

லாக் காலைக் குளிரில் மட்டும் எடுத்ததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் பயம். 135 என்றால் சரி, நான் சண்டைக்கு வரவில்லை.

மேப் எழுதுகிறவரிடம் கேட்க வேண்டியது: 2000 ஆர்பிஎம்மிலேயே டார்க்கைக் குவிக்காதீர்கள் என்று சொல்லுங்கள். வாங்குகிறவரை மயக்குவதற்காகப் பல கடைகளில் கீழேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்கள். பிஸ்டன், கனெக்டிங் ராட், கிளட்ச் மூன்றுக்கும் அடி விழுவது அங்கேதான். 3000க்கு மேல் மெல்ல ஏறி 5500 வரை நிற்கும் டார்க் கேளுங்கள். காற்று வெப்பம் ஒரு அளவைத் தாண்டினால் பூஸ்டும் டைமிங்கும் தானாக இறங்கும் பாதுகாப்பு அட்டவணையை அழிக்கக் கூடாது என்றும் கேளுங்கள். சிலர் டைனோ எண்ணுக்காக அதை அழித்துவிடுவதுண்டு. அசல் ஃபைலை ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொள்ளாமல் கடையை விட்டு வராதீர்கள்.

டைனோவில் வரும் எண் சக்கரத்தில் அளந்தது. கியர்பாக்ஸ் இழப்பைச் சேர்த்தால்தான் கம்பெனி எண். ரீமேப்புக்கு முன் ஒரு ரன், பின் ஒரு ரன், அதே நாள், அதே மெஷின். வித்தியாசத்தை மட்டும் நம்புங்கள்.

குடந்தை டிஜெட்

சரி, முடிவு இது. பிரேக் ஆயில், பேட், டயர், டைமிங் பெல்ட் முதலில். கிளட்ச் வழுக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். இன்டர்கூலர், ஏர் பாக்ஸ், சைலன்சர் எல்லாம் அசல். வைட்பேண்ட் வைத்து எழுதுகிற ஒருவரைக் கோவையில் பிடித்திருக்கிறேன். சாதாரண பங்க் பெட்ரோலுக்கு, 135 இலக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டாகிவிட்டது, பதில் வராமல் மேப் எழுதப் போவதில்லை. பக்கெட் சீட், பெல்ட், 17 இன்ச், எல்இடி நீக்கம். சப்வூஃபர் மட்டும் இருக்கும், அதைப் பற்றி யாரும் பேச வேண்டாம்.

மன்னை மல்டிஜெட்

எலிப்பொறி?

குடந்தை டிஜெட்

வாங்கியாகிவிட்டது அண்ணே.

மாயூரம் சர்வேயர்

இன்ஷூரன்ஸ் பதில் தொலைபேசியில் வந்தால் எடுத்துக்கொள்ளாதீர்கள், எழுத்தில் கேளுங்கள், பாலிசியில் என்டார்ஸ்மென்ட்டாக (எழுத்துப்பூர்வச் சேர்க்கையாக) ஏற வேண்டும். மறுத்துவிட்டால் லீக் சரிசெய்ததோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட் மாற்றும்போது வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், கூலி ஒன்றுதான்.